கேட்டு வாங்குகிற பயம்

போன மாதம் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட். பெஞ்சில் ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முகமூடி போட்ட ஒருத்தன் பின்னால் பதுங்கி வந்து அவர் காதருகே அலறுகிறான். டீ வேட்டியில் கொட்டுகிறது. கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போகிறது. படம் எடுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கீழே, "பெரியம்மா, உங்க வேலை மாதிரியே இருக்குல்ல?" என்று எழுதியிருந்தான்.

உடனே போன் போட்டுத் திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பெரியம்மா, நீங்களும் பயமுறுத்தத்தானே செஞ்சீங்க? உங்ககிட்ட மட்டும் ஜனங்க ஏன் டிக்கெட் வாங்கிட்டு வந்து பயந்தாங்க? அதைச் சொல்லுங்க" என்றான். கேள்வி நியாயமானதுதான். போனில் சொன்னால் பாதியில் வேறு அழைப்பு வந்து போய்விடுவான். அதனால் எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை, அந்த வீடியோவுக்குச் சிரித்த எல்லோருக்கும்.

நான் இருபத்தாறு வருடம் பேயாக வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் பேய் வீடு என்று ஒரு ஸ்டால் இருக்குமே, அதற்குள் இருட்டில் நின்று திடீரென்று எதிரே வரும் பேய் நான்தான். நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, மயிலாடுதுறை கடைமுகம், தஞ்சாவூர், கும்பகோணம் என்று வருடம் முழுக்கச் சுற்றுவோம். ரேஷன் கார்டில் இல்லத்தரசி என்று இருக்கிறது. அங்கே பேய் என்று போட முடியாது, வேறென்ன செய்வது.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. என் வீட்டுக்காரர் அந்தப் பொருட்காட்சியில் ஜெனரேட்டர் பார்த்தார். நான் ஸ்டால்காரர்களுக்குச் சமைத்துப் போட்டேன். நாகூரில் ஒரு வருடம், பேயாக நின்ற ஆளுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். பேய் வீட்டு முதலாளி நேராக என் அடுப்படிக்கு வந்தார். நாகூர்க்காரர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயரம் போதும். சத்தம் போடாம நடக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மூணு பிள்ளைய தூங்க வெச்சுட்டுத்தான் பாய் சமைக்க வர்றேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். நேர்முகத் தேர்வு முடிந்தது.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, காதில் எப்போதும் ஒரு பென்சில். குரல் தாழ்ந்தே இருக்கும். கோபம் வந்தால் இன்னும் தாழும். அவர் கிசுகிசுத்தால் நாங்கள் நடுங்குவோம். சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகை நேரத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவார். வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பேய்க்கும் ஓய்வு. நான் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிப்பேன்.

தினமும் மாலை நாலு மணிக்கு ஸ்டாலைத் திறக்கும் முன்னால் அவர் செய்யும் ஒரு வேலை உண்டு. முதலில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். தகரத்திலும் மூங்கிலிலும் உள்ள ஒவ்வொரு ஆணியையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கண்ணையும் மூடிக்கொண்டு மூன்று வளைவும் நடந்து வெளியே வருவார். இருட்டில் கண்ணை வேறு ஏன் மூட வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "பயந்தவங்க கண்ணை மூடிக்கிட்டுத்தாம்மா ஓடுவாங்க. அவங்களுக்கு வழி தெரியுதான்னு பாக்குறேன்" என்றார். நான் இருந்தவரை ஒருநாள்கூட அவர் இதை விட்டதில்லை.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த முறைகள் இவை. ஆறு ஆறு பேராகத்தான் உள்ளே விடுவார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மணி அடிப்பார். நான் இரண்டாவது வளைவில் ஒரு கறுப்புப் படுதாவுக்குப் பின்னால் நிற்பேன். படுதாவின் கீழே ஒரு சாண் இடைவெளி, தரையோரம் ஒரு மங்கலான பல்பு. எனக்கு வருகிறவர்களின் பாதம்தான் தெரியும், முகம் தெரியாது. பாதத்தை எண்ண வேண்டும். முதலில் வருகிறவரைப் பயமுறுத்தினால் பின்னால் திரும்பி மற்றவர் மேல் விழுவார். கடைசி ஆளைப் பயமுறுத்தினால் வந்த வழியே ஓடி அடுத்த கூட்டத்தில் முட்டுவார். அதனால் நடுவில் வருகிறவர் எதிரில்தான் தோன்ற வேண்டும். தொடவே கூடாது. வழியை மறிக்கவே கூடாது. வெளியே போகும் பக்கத்தில் ஒரு கீற்று வெளிச்சம் எப்போதும் தெரிய வேண்டும். பேய் சிரிக்கக் கூடாது, சிரிப்பை வந்தவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.

காதுக்கும் வேலை உண்டு. வீலென்று கத்துவார்கள், கத்தி முடிந்து ஒரு மூச்சு விடும் நேரத்தில் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் எல்லாம் சரி. கத்தாமல் அமைதியாகிவிட்டாலோ, கத்திய பிறகு சிரிப்பு வராவிட்டாலோ, அந்த நிமிடமே முகமூடியைக் கழற்றிவிட்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என் பெயர், என் ஊர், மதியம் நான் என்ன சாப்பிட்டேன். "பேய்க்கு எங்கயாவது ரசம் சாதம் உண்டாம்மா? அதைக் கேட்டா எந்த பயமும் இறங்கிடும்" என்பார் பாய். அவர் சொன்னது உண்மை. புளிக்குழம்பு என்று சொன்னதுமே சிரித்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

சேர்ந்த இரண்டாம் வருடம் எனக்கு மூளை அதிகமாகிவிட்டது. திருவாரூர் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், பாய் கண்மூடி நடந்து முடித்த பிறகு, அவருக்குத் தெரியாமல், ஈரக் கயிறு ஒன்றை முதல் வளைவில் கணுக்கால் உயரத்தில் தொங்கவிட்டேன். இருட்டில் காலில் குளிர்ச்சியாக உரசும். முதல் நாள் கத்திய கத்தலைக் கேட்டு எனக்கே பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு விவசாயி வந்தார். கயிறு உரசியதும் அவர் கத்தவில்லை, உதைத்தார். தகரச் சுவரே சாய்ந்தது. வெளியே வந்தும் தரையில் உட்கார்ந்து காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர், ஊர், சாப்பாடு மூன்றும் சொன்னேன். அவர் காதிலேயே விழவில்லை. நடவு நேரத்தில் வரப்பில் பாம்பு தீண்டி அவர் தம்பி செத்துப்போனானாம்.

பாய் அந்தக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "ஏம்மா, இந்த ஊர்ல பாம்பு இல்லாத வரப்பு இருக்கா? இவர் இப்ப அந்த வரப்புல நடந்துதான் வீட்டுக்குப் போகணும். நீ குடுத்த பயம் கூடவே போகும். நம்ம பயம் நம்ம வாசலோட நின்னுடணும்" என்றார். குரல் கிட்டத்தட்ட கேட்கவேயில்லை. எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு நான் சொந்தமாக எதையும் தொங்கவிட்டதில்லை.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் வந்தார்கள்? வெளியே வருகிறவர்களைப் நான் நிற்கும் இடத்துத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். முதலில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்திருப்பார்கள். சில நேரம் அது முன்பின் தெரியாதவர் கையாக இருக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் கூச்சப்பட்டு விடுவார்கள். பிறகு யார் அதிகம் கத்தியது என்று சண்டை. வங்கியில் வேலை பார்க்கிறவர் போலச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வரும் ஆண்கள், "நான் சும்மா கத்தினேன்" என்று யாரும் கேட்காமலே சொல்வார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் நடவுக்குப் போகும் பெண்கள். நடவு முடிந்து கூலி கையில் வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு பேராக வருவார்கள். அவர்கள் கத்துவதைப் போல யாராலும் கத்த முடியாது. ஒருத்தி தினமும் வந்தாள். பேய் எந்த இடத்தில் வரும் என்று அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் அடிவயிற்றிலிருந்து கத்துவாள். டீ குடிக்கும் நேரத்தில் அவளிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் கத்துகிறாய் என்று. "வேற எங்கக்கா கத்துறது? வீட்டுல கத்தினா அக்கம்பக்கம் கூடிடும். வயல்ல கத்தினா பாம்பான்னு ஓடி வருவாங்க. இங்கதான் ஏன் கத்தினேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பதில் அதுதான். அவள் பயத்தைத் தேடி வரவில்லை, கத்தலைத் தேடி வந்தாள். எப்போது தொடங்கும், எப்போது முடியும், எந்தப் பக்கம் வாசல் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்ததால்தான் அவ்வளவு தாராளமாகப் பயந்தாள்.

இந்தப் பதில் எவ்வளவு சரி என்பது எனக்கு ஒரு ஐப்பசியில் மயிலாடுதுறையில் தெரிந்தது.

அந்த வருடம் எங்களுக்கு எதிரே ஒரு புது ஸ்டால் வந்தது. வாயைத் திறந்து மூடும் டைனோசர், அதற்குப் பெரிய பெரிய ஸ்பீக்கர். கூட்டம் அங்கே போனது. மழை வேறு, இரண்டு நாளுக்கு ஒரு நாள் கடை மூடியே கிடந்தது. பாய் கொஞ்ச நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் நாலு ஸ்பீக்கர் வாங்கி வந்து உள்ளே மாட்டிவிட்டார். பதிவு செய்த அலறல், பதிவு செய்த சிரிப்பு, மாறி மாறி ஓடும். வாசலில் நிற்பவர்களுக்கு உள்ளே என்னவோ நடக்கிறது என்று தோன்றும். கூட்டம் இரண்டு மடங்கானது.

முதல் நாளே அவரிடம் சொன்னேன். "பாய், யாரு கத்துறாங்கன்னே எனக்குக் கேக்கல. ஸ்பீக்கரே கத்துது, ஸ்பீக்கரே சிரிக்குது."

"பத்து நாள் பாரும்மா. மழை வேற கெடுக்குது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு, இன்றைக்கும் சொல்கிறேன்.

நாலாம் நாள், பாய் தொழுதுவிட்டு வந்து கவுண்டரைத் திறந்த கொஞ்ச நேரத்தில், ஒரு கூட்டம் உள்ளே வந்தது. படுதாவின் கீழே பாதங்களை எண்ணினேன். ஆறு ஜோடி. நாலாவது ஜோடியில் மருதாணி இருந்தது, விரலில் புது மெட்டி பளபளத்தது. கல்யாணப் பெண் என்று நினைத்தேன். அந்தப் பாதம் மற்றவை போல எடுத்து வைத்து நடக்கவில்லை. குதிகால் தரையில் தேய்ந்தது. யாரோ இழுத்து வருகிறார்கள். அதைப் பார்த்தேன், ஆனால் என் உடம்பு பழக்கத்தில் வெளியே பாய்ந்துவிட்டது. ஸ்பீக்கர் அலறியது. எல்லோரும் இடித்துக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு ஓடினார்கள். நான் திரும்பவும் படுதாவுக்குப் பின்னால் போய், தகர ஓட்டை வழியாக வெளிவாசலைப் பார்த்து எண்ணினேன். ஐந்து ஜோடிதான் வெளியே போனது. மருதாணிப் பாதம் போகவில்லை.

அதற்குள் பாய் அடுத்த மணியை அடித்துவிட்டார். அடுத்த ஆறு பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் ஒயர் என் காலடியில்தான் இருந்தது. பிடுங்கினேன். சத்தம் நின்றதும் வருகிறவர்கள், "என்னப்பா, கரெண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்கள். "அப்படியே திரும்பி வெளிய போங்க!" என்று கத்தினேன். பேய் அதட்டினால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. போய்விட்டார்கள்.

பிறகு காது கொடுத்துக் கேட்டேன். அழுகைச் சத்தம் இல்லை. கண்ணாடி வளையல் மட்டும் விடாமல் நடுங்கும் சத்தம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் வளைவுக்கும் இரண்டாவது வளைவுக்கும் நடுவே, படுதாவுக்கும் தகரத்துக்கும் இடையில் இருந்த சந்தில் அந்தப் பெண் குறுகி உட்கார்ந்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் மாறவில்லை.

முகமூடியைக் கழற்றி எறிந்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "என் பேரு வசந்தா. ஊரு பாபநாசம் பக்கம். மதியம் கருவாட்டுக் குழம்பு வெச்சேன், உப்பு கூடிப்போச்சு" என்றேன். அசையவில்லை. திரும்பவும் சொன்னேன். என் கையில் எலும்பு போல வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. அவள் கண்ணைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள் என்று புடவையில் தேய்த்துத் துடைத்தேன். மூன்றாவது தடவை சொன்னபோது உதடு அசைந்தது.

"நெல்லு ரூமு வேணாம் சித்தி. கதவத் தொறங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நெல் கொட்டி வைக்கும் அறைக்கு ஜன்னல் இருக்காது. சின்ன வயதில் அவளை யாரோ அதற்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். எத்தனை நாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது அவளுக்குத் தேவை ஒரு கதவு. வெளியே போகும் வாசலில் அவளை இழுத்து வந்தவர்கள் சிரிப்பதற்காகக் காத்திருப்பார்கள். அந்த வழியாக அவளை அழைத்துப்போக எனக்கு மனமில்லை. பின்பக்கத் தகரத்தைக் காலால் உதைத்தேன். இரண்டாவது உதையில் ஆணி கழன்றது. கையை விட்டுத் தகரத்தைப் பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது. மாலையின் கடைசி வெளிச்சமும் மழைக்காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. அவள் கண்ணைத் திறந்தாள்.

"கதவு தொறந்தாச்சும்மா. வா" என்றேன்.

பின்னால் ஜெனரேட்டர் பக்கம் என் வீட்டுக்காரர் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் அழத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய நாத்தனார் ஆட்களோடு சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "என்ன அண்ணி, பேயே உங்களப் பாத்து பயந்துடுச்சா?" என்று ஒரே சிரிப்பு. "புதுப் பொண்ணு எப்படிக் கத்துறாங்கன்னு பாக்கலாம்னு கூட்டிட்டு வந்தா, கத்தவே இல்லையே நீங்க!"

நான் வெளுத்து வாங்கினேன். "கத்துனாத்தான் உனக்கு பயம்னு தெரியுமா? உன்ன கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு ரூமுல போட்டா நீ சிரிப்பியா?" என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். புடவையில் வெள்ளைச் சாயம், தலை விரிந்து கிடக்கிறது, கையில் ரத்தம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. இதுவும் காட்சி என்று நினைத்து அவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் சொல்ல வார்த்தை இல்லை. அந்தப் பெண் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். அவர்கள் கூப்பிட்டதும் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை முகமூடியைக் கொண்டுபோய் பாயின் மேஜையில் வைத்தேன். "ரெண்டு விஷயம் பாய். ஸ்பீக்கர் போகணும். இனிமே உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் தன் வாயால வர்றேன்னு சொன்னாத்தான் டிக்கெட். இல்லன்னா நான் இத மாட்ட மாட்டேன்."

பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு கவுண்டர் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு வரலைன்னு சொல்லிச்சு. நான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே டிக்கெட்டக் கிழிச்சேன்" என்றார்.

"அப்ப உங்களுக்கே தெரியுது."

"தெரியுதும்மா. ஆனா வர்றவங்கள்ல பாதிப் பேர் இன்னொருத்தர் இழுத்துட்டு வர்றவங்கதான். வாயத் தொறந்து கேட்டா பாதி பேர் திரும்பிப் போயிடுவாங்க. சீசன் இன்னும் மூணு வாரம்தான்."

"பாதி போதும்" என்றேன்.

"யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை என் இடத்தில் ஸ்டாலைப் பெருக்கும் ஆளை நிறுத்தினார். ஸ்பீக்கர் ஓடியது. நான் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு? அவர் நல்ல மனுஷன். வேலையும் போயிடும், பழக்கமும் போயிடும்" என்றார். வேலை போனால் மூன்று பிள்ளைகளின் படிப்புக்கு அவர் சம்பளம் மட்டும் போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அந்த வளையல் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அந்தப் படுதாவுக்குப் பின்னால் நிற்க என்னால் முடியாது. போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாய் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் காதில் இருந்த பென்சிலைச் சரி செய்துகொண்டார்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணி. வழக்கம் போல பாய் கண்ணை மூடிக்கொண்டு நடக்க உள்ளே போனார். அன்று என்ன நினைத்தாரோ, ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். அன்று வரவில்லை. நான் எழுந்து நின்றேன். கடைசியில் அவர் வெளியே போகும் வாசல் வழியாக வரவில்லை, உள்ளே போன வாசல் வழியாகவே திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"என் காலடிச் சத்தமே எனக்குக் கேக்கலம்மா. எந்தப் பக்கம் போறேன்னே தெரியல. நான் கட்டுன வீடு" என்றார்.

பிறகு தானே ஸ்டூல் போட்டு ஏறி நாலு ஸ்பீக்கரையும் கழற்றினார். ஒயரைச் சுருட்டி முடித்துவிட்டு, "இன்னிக்கு நின்னுடுறியா?" என்று கேட்டார். "நிக்கிறேன்" என்றேன்.

அன்று முதல் கவுண்டரில் பாய் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டார். "நீங்க வர்றீங்களா? அவரக் கேக்கல, உங்களத்தான் கேக்குறேன்." சிலர் கோபப்பட்டார்கள். சிலர் சிரித்தார்கள். மனைவியை இழுத்து வந்த சில கணவர்கள் தனியாக உள்ளே போய்விட்டு வந்தார்கள். கூட்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் பாய் பயந்த அளவுக்குப் பாதியாகவில்லை. உள்ளே வந்தவர்கள் முன்பைவிட நன்றாகக் கத்தினார்கள். எனக்கு அத்தனையும் கேட்டது.

ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்கு நாலு நாள் முன்னால், ஸ்டால் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மழை விட்ட மாலை, கூட்டம் இல்லை. கவுண்டரில் பாயின் குரல் கேட்டது. "நீங்க வர்றீங்களாம்மா?" ஒரு பெண் குரல், "வர்றேன்" என்றது. "நீங்க இங்கயே நில்லுங்க" என்று யாரிடமோ சொன்னது. ஆறு பேர் சேராமல் பாய் மணி அடிப்பதில்லை. அன்று ஒரே ஆளுக்கு அடித்தார்.

படுதாவின் கீழே பார்த்தேன். ஒரு ஜோடிப் பாதம். மருதாணி வெளுத்துப் போயிருந்தது. மெட்டி அதேதான். ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தாள், நடுவில் நின்றாள், மறுபடி வந்தாள். எனக்கு அவளைப் பயமுறுத்தக் கை வரவில்லை. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

"அக்கா, பேய் எங்க?" என்றாள்.

"நான்தாம்மா."

"முகமூடியப் போடுங்க. நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்."

"வேணாம்மா..."

"நானாத்தான் வந்தேன்" என்றாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "குறைக்காம பயமுறுத்துங்க." சொல்லிவிட்டுத் திரும்பி முதல் வளைவுக்கே போய், மறுபடி முதலிலிருந்து நடந்து வந்தாள்.

நான் முகமூடியை மாட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு மனதாரப் பேயாக நின்றதில்லை. அவள் இரண்டாவது வளைவில் காலை வைத்ததும் பாய்ந்தேன். அவள் கத்தினாள். நடவுப் பெண்கள் தோற்றார்கள். வெளியே அவள் கணவன் உள்ளே ஓடி வரப் பார்த்திருக்க வேண்டும். பாய், "நில்லுங்க தம்பி, அது அவங்க வாங்குன டிக்கெட்" என்றது எனக்குக் கேட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி ஒரு தடவை சும்மாவே கத்திப் பார்த்தாள். வெளிச்சத்துக்குப் போனதும் கணவனிடம், "நாளைக்கும் வருவேன். உங்க தங்கச்சியையும் கேட்டுப் பாருங்க. கேளுங்க, இழுத்துட்டு வராதீங்க" என்றாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். தனியாகத்தான். நான் அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"நாத்தனார் வரலியா?" என்று கேட்டேன்.

"கேட்டோம் அக்கா. வரலைன்னுட்டாங்க. பயமா இருக்காம்" என்றாள்.

நாத்தனாரை யாரும் வற்புறுத்தவில்லை.